கையோடு வரும் லென்ஸ்: 18–55 ஜூமை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி

கேமரா வாங்கும்போது பெட்டியோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் ஒரு சிறிய ஜூம் லென்ஸ். கடைகளில் இதைக் ‘கிட் லென்ஸ்’ என்பார்கள். 18–55 மி.மீ. என்று அதன்மேல் எழுதியிருக்கும். மிரர்லெஸ் கேமரா என்றால் 16–50 அல்லது 18–45 ஆக இருக்கலாம். வாங்கிய சில மாதங்களிலேயே, “இதில் ஒன்றும் வராது, நல்ல லென்ஸாக ஒன்று வாங்கிக்கொள்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்டுப் பணத்தை எடுக்கும் முன் இந்த அத்தியாயத்தைச் செய்து பாருங்கள். வாசித்தால் மட்டும் போதாது. கேமராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்ய வேண்டும்.

இந்த லென்ஸின் முதல் பலம் அதன் எடை. நிக்கானின் 18–55 ஏஎஃப்-பி சுமார் 205 கிராம். கேனானின் 18–55 எஸ்டிஎம் சுமார் 215 கிராம். சோனியின் 16–50 பவர் ஜூம் 116 கிராம்தான். கல்யாண மண்டபங்களில் தொழில்முறைப் படக்காரர்கள் பயன்படுத்தும் கேனான் 24–70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்போ, கேமரா இல்லாமலே 805 கிராம். காய்கறி வாங்கப் போகும்போதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும்போதும் அந்தக் கனத்தை யாரும் தோளில் மாட்டிக்கொள்வதில்லை. அன்றாடப் படங்கள் எதிர்ப்படுவதோ அந்த நேரங்களில்தான்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஜூம் வளையத்தை அதற்குப் பிறகு திருப்புங்கள். இந்த வரிசை பழகிவிட்டால் 18–55 உங்களுக்கு வேறு லென்ஸாகத் தெரியும்.

எண்களைப் படிப்பது

லென்ஸின்மேல் ‘18–55, 1:3.5–5.6’ என்று இருக்கும். 18 விரிந்த பார்வை. ஒரு அறையின் பெரும்பகுதி அடங்கும். 55 நெருக்கமான பார்வை. ஒருவரின் தலையும் தோளும் நிறையும். 35-ஐச் சுற்றிய பகுதி, நாம் சாதாரணமாகக் கவனித்துப் பார்க்கும் அளவுக்கு அருகில் வரும்.

அடுத்த இரண்டு எண்களும் அப்பர்ச்சர் என்ற துவாரம் அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கின்றன. எண் சிறியதானால் திறப்பு பெரியது. 18-இல் 3.5 வரை திறக்கும் லென்ஸ், 55-க்குப் போகும்போது 5.6-க்கு மேல் திறக்காது. சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்துவிடுகிறது. இருட்டில் எடுத்த படங்கள் கலங்கிப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

விஆர், ஐஎஸ், ஓஎஸ்எஸ், ஓஐஎஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருந்தாலும் எல்லாம் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்புகளே. இது இல்லாத மாதிரிகளும் சற்றுக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அந்த மிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

வாங்கும் முன்னும் வாங்கிய அன்றும்

கேமராவில் லென்ஸ் மாட்டும் இடமான மவுண்ட்டுக்குப் பொருந்துமா என்பது முதல் கேள்வி. பொருந்தினாலும் வேலை செய்யுமா என்பது அடுத்தது. நிக்கானின் ஏஎஃப்-பி வகை லென்ஸ், டி90, டி3000 போன்ற பழைய கேமராக்களில் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஃபோகஸ் செய்யாது. கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல்ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்களில் மாட்டவே மாட்டா. பழைய லென்ஸாக வாங்குவதானால் உங்கள் கேமராவையே கடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய லென்ஸைச் சோதிக்கும் வரிசை:

1. இரு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். நாலைந்து தூசுப் புள்ளிகள் படத்தைக் கெடுக்காது.
2. ஜூம் வளையத்தை முனையிலிருந்து முனைவரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் சிக்கினாலோ மணல் நறநறத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.
3. மவுண்ட் பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல மாதிரிகளில் அது பிளாஸ்டிக். கீழே விழுந்திருந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.
4. கேமராவில் மாட்டி, பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். தயங்காமல் பிடிக்க வேண்டும்.

புதிய லென்ஸுக்கும் ஒரு சோதனை உண்டு. செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் மடிப்பில்லாமல் ஒட்டி, கேமராவை மேசைமேல் புத்தகங்களை அடுக்கி நேர் எதிரே வையுங்கள். அப்பர்ச்சரை 5.6-இல் வைத்து, 18, 35, 55 மூன்றிலும் தாள் சட்டத்தை நிரப்பும்படி தூரத்தை மாற்றி ஒவ்வொரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு சற்றே மங்கலாக இருந்தால் இந்த வகை லென்ஸில் அது இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும்விடக் கலங்கியிருந்தால், கேமரா நேராக இருந்ததா என்று பார்த்து மீண்டும் ஒருமுறை எடுங்கள். அப்போதும் அதே மூலையென்றால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. மாற்றிக்கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கடைக்குப் போங்கள்.

மாட்டுவதும் கழற்றுவதும்

1. கேமராவை அணைத்துவிடுங்கள்.
2. மின்விசிறிக்குக் கீழேயும் காற்றடிக்கும் மாடியிலும் லென்ஸ் மாற்ற வேண்டாம். கேமராவின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.
3. லென்ஸில் உள்ள புள்ளியையும் மவுண்ட்டில் உள்ள புள்ளியையும் நேராக்கி உள்ளே வையுங்கள்.
4. ‘க்ளிக்’ என்ற சத்தம் வரும்வரை திருப்புங்கள். நிக்கானில் திருப்பும் திசை மற்றவற்றுக்கு நேர் எதிர். இறுக்கமாக இருந்தால் அழுத்தாமல் எடுத்து மறுபடியும் வையுங்கள்.
5. கழற்றும்போது விடுவிப்புப் பொத்தானை முழுதாக அழுத்தியபடியே திருப்புங்கள். கழற்றிய உடனே இரண்டுக்கும் மூடி போடுங்கள்.

சுருங்கி மடங்கும் வகை லென்ஸானால் ஜூம் வளையத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வளையத்தைத் திருப்பி லென்ஸை நீட்டினால்தான் படம் எடுக்க முடியும். “கேமரா கெட்டுவிட்டது, திரையில் ஏதோ எச்சரிக்கை வருகிறது” என்று பதறிக் கடைக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு நேர்ந்திருப்பது இதுதான். பவர் ஜூம் வகையில் மோட்டாரே லென்ஸை நீட்டும். அது நீளும்போது கையால் தடுப்பதோ, நீண்டிருக்கும்போது உள்ளே தள்ளுவதோ மோட்டாரைப் பாழாக்கும்.

தொடக்க அமைப்பு

கேமராவின் மேல்சக்கரத்தை அப்பர்ச்சர் பிரயாரிட்டிக்குத் திருப்புங்கள். சில கேமராக்களில் அது ‘ஏ’, கேனானில் ‘ஏவி’. பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் வைத்துவிடலாம். இந்த லென்ஸ்கள் அந்த இடத்தில் நன்றாகத் தெளிவு தரும். ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, மேல் வரம்பாக 3200 கொடுங்கள். திரையில் கட்டக் கோடுகளை வரவழையுங்கள். லென்ஸ் திருத்தம் என்ற வசதி மெனுவில் இருந்தால் இயக்கிவிடுங்கள். 18-இல் கதவுச் சட்டமும் தூணும் வெளிப்பக்கம் வளைந்து தெரிவதை அது நேராக்கும்.

ஒரே முகம், மூன்று தூரம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

1. வீட்டில் ஒருவரை வாசலில் நிழலில் நிற்கச் சொல்லுங்கள். அவருக்குப் பின்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி ஒரு மரமோ சைக்கிளோ தெரியட்டும்.
2. கேமராவை நெடுக்காகப் பிடித்து, வளையத்தை 18-இல் வைத்து, தலையும் தோளும் சட்டத்தை நிரப்பும்வரை நெருங்குங்கள். ஏறக்குறைய அரை மீட்டர் தூரத்தில் நிற்பீர்கள். ஒரு படம்.
3. வளையத்தை 35-க்கு மாற்றி, தலை அதே அளவில் தெரியும்வரை பின்னால் வாருங்கள். சுமார் ஒரு மீட்டர். ஒரு படம்.
4. இனி 55. தலை அதே அளவு. இப்போது ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பீர்கள். ஒரு படம்.
5. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் படத்தில் மூக்கு முன்னே வந்து, காதுகள் பின்னால் ஒதுங்கியிருக்கும். பின்னணியில் மரம், சுவர், தெரு, பக்கத்து வீட்டு வண்டி எல்லாம் சிறியதாகக் குவிந்திருக்கும். மூன்றாவது படத்தில் முகம் நமக்குத் தெரிந்த முகமாக இருக்கும். மரம் பெரிதாகி அருகே வந்திருக்கும். வண்டி சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். முகத்தின் வடிவத்தை மாற்றியது நீங்கள் நின்ற தூரம். சட்டத்துக்குள் எவ்வளவு அடங்க வேண்டும் என்பதை மட்டுமே வளையம் தீர்மானித்தது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நின்ற இடத்திலிருந்தே வளையத்தை முன்னும் பின்னும் திருப்பும் பழக்கம் தானாகக் குறையும்.

இனி எந்தக் காட்சியானாலும் வேலை செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. இந்தப் படத்தில் எது முக்கியம் என்று கேமராவை உயர்த்தாமலே முடிவு செய்யுங்கள்.
2. முக்கியமானதும் அதன் பின்னணியும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் தெரியும் இடத்துக்கு நடந்து போங்கள். பின்னணி பெரிதாக வேண்டுமென்றால் பின்னால், சிறிதாக வேண்டுமென்றால் முன்னால்.
3. அங்கே நின்று, வேண்டாதது வெளியே போகும்வரை வளையத்தைத் திருப்புங்கள்.
4. சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலைக்குப் பின்னால் முளைத்த மின்கம்பம் எல்லாம் இங்கேதான் அகப்படும்.
5. எடுங்கள்.

குறிப்பு: ஒரு வாரத்துக்கு வளையத்தை 35-இல் வைத்து, மேலே காகித டேப் ஒட்டிவிடுங்கள். செல்லோ டேப் வேண்டாம், பசை ஒட்டிக்கொள்ளும். வாரம் முடிவதற்குள், கேமராவை எடுக்காமலே ‘இங்கிருந்து இவ்வளவு அடங்கும்’ என்று சொல்ல வரும். அடுத்த வாரம் 24, அதற்கடுத்து 55. பவர் ஜூம் வைத்திருப்பவர்கள் டேப் ஒட்டாமல், மனக் கட்டுப்பாட்டோடு அந்த எண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அன்றாடக் காட்சிகள் சில

ஒருவரைத் தனியாக எடுக்கும்போது 45-க்கும் 55-க்கும் இடையில் நில்லுங்கள். பின்னணி மங்கலாக வேண்டும் என்பது பலரின் ஆசை. இந்த லென்ஸில் அது வராது என்பார்கள். நான்கு நிபந்தனைகள் ஒன்று சேர்ந்தால் வரும். வளையம் 55-இல், அப்பர்ச்சர் 5.6-இல், ஆள் உங்களுக்கு ஒன்றரை மீட்டருக்குள், பின்னணி அவருக்கு ஐந்து மீட்டருக்கு அப்பால். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சுவரில் சாய்ந்து நிற்பவரின் பின்னணியை எந்த லென்ஸாலும் கரைக்க முடியாது. அவரைச் சுவரிலிருந்து நன்றாக விலகி முன்னால் வரச் சொல்லுங்கள். ஒளிக்கு ஜன்னல் போதும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னலின் ஒளியும் விளக்கின் ஒளியும் கலந்தால் முகத்தின் நிறம் பாதிக்குப் பாதி மாறும்.

குடும்பமாக நிற்கும்போது 18-க்குப் போகாதீர்கள். விரிந்த பார்வையில் சட்டத்தின் ஓரங்கள் இழுபடும். ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகமும் தோளும் அகலமாகிப்போய், படத்தைப் பார்த்ததும் அவர் வருத்தப்படுவார். பின்னால் போக இடமிருக்கும்வரை போய் 28–35-இல் எடுங்கள். இரண்டு வரிசை என்றால் எஃப் 8. இரு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். யாராவது கண் மூடியிருப்பார்கள், எனவே நிறுத்தாமல் நாலைந்து எடுங்கள்.

அறைக்கு 18 சரி. மூலையில் சுவரோடு ஒட்டி நின்று, கேமராவை மார்பு உயரத்தில், மேலும் கீழும் சாயாமல் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் சுவர்கள் இரண்டும் கவிழ்வது போலத் தெரியும்.

கோபுரத்துக்கும் அதே விதிதான். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்பக்கம் சாய்ந்து கூம்பிப்போகும். சன்னதித் தெரு நீளமாக இருந்தால் அதன் கடைசிவரை நடந்துபோய் 35-இலோ 55-இலோ எடுங்கள். கோபுரம் நிமிர்ந்து நிற்கும். கடைகளும் மக்களும் அதன் காலடியில் சரியான அளவில் அமைவார்கள். தெரு குறுகலானால் முழுக் கோபுரத்துக்கு ஆசைப்படாமல் 55-இல் ஒரு நிலையின் சுதைச் சிற்பங்களை மட்டும் எடுங்கள். அதுவே பெரும்பாலும் நல்ல படமாகவும் அமையும். கோயிலுக்குள் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசல் கோலத்துக்குக் காலை வெயில் தாழ்வாக, பக்கவாட்டில் விழும் நேரமே நேரம். மாவுக் கோட்டின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். நேர் மேலிருந்து எடுக்க 24 போதும், உங்கள் நிழல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ, சாப்பாடு, கைவேலைப் பொருள் போன்ற சிறியவற்றில் இந்த லென்ஸ் நம்மை வியக்க வைக்கும். நிக்கான், கேனான் 18–55கள் 25 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். அந்தத் தூரம் கேமராவின் மேலே, கோடு குறுக்கிட்ட வட்டக்குறி இருக்கும் இடத்திலிருந்து கணக்கு. லென்ஸின் முகத்திலிருந்து பார்த்தால் இன்னும் குறைவு. நிக்கானில் 55-இல் அவ்வளவு நெருங்கினால், ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள் சட்டத்தின் முழு அகலத்தையும் நிரப்பிவிடும். 18-இல் நெருங்கினால் லென்ஸின் நிழலே பொருள்மேல் விழும். எனவே 55, எஃப் 8, ஜன்னலோரம்.

வெளிச்சம் குறையும்போது

இரவுச் சமையலறை, பிறந்தநாள் கேக், மின்சாரம் போன தெரு. சின்ன லென்ஸ் திணறுவது இங்கேதான். திணறலைப் பெருமளவு குறைக்கலாம்.

1. வளையத்தை 18 பக்கம் கொண்டுவாருங்கள். 55-இல் நின்று எடுப்பதற்குப் பதில் இரண்டடி நெருங்கி 24-இல் எடுங்கள். ஒளி கூடும், நடுக்கமும் குறையும். முகத்தை மட்டும் எடுக்காமல், செய்கிற வேலையோடு சேர்த்து எடுத்தால் நெருக்கத்தால் முகம் கெடாது.
2. அப்பர்ச்சரை அந்த இடத்தில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவிடுங்கள்.
3. ஐஎஸ்ஓ வரம்பை 6400 வரை உயர்த்துங்கள். பொரிப்பொரியான படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய படத்தைச் சரிசெய்ய வழியில்லை.
4. ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். நடுக்கத் தடுப்பு இல்லாத லென்ஸில் 18-க்குக் குறைந்தது 1/30, 55-க்கு 1/80 நொடி வேண்டும். தடுப்பு இருந்தால் அசையாத பொருளை இன்னும் மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த அமைப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். குழந்தை ஓடுவதைத் தடுக்காது. பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/100, ஓடுகிற குழந்தைக்கு 1/500 நொடி தேவை.
5. டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கருமை விழுந்தால், ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அந்தத் துடிப்போடு ஷட்டர் ஒத்துப்போனால் பட்டை மறையும்.
6. தூணிலோ கதவுச் சட்டத்திலோ தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு அழுத்துங்கள்.

கேமராவின் சொந்த ஃப்ளாஷைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்தும்போது லென்ஸ் ஹூட்டைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால், படத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு கரிய நிழல் விழுந்திருக்கும்.

வழக்கமாக நேரும் தவறுகள்

வளையத்தின் இரு முனைகளை மட்டுமே பயன்படுத்துவது முதல் தவறு. வந்தால் 18, போனால் 55 என்று திருப்பிக்கொண்டிருந்தால் நடுவில் இருக்கும் 24, 28, 35 எல்லாம் வீணாகக் கிடக்கும். தெருக்காட்சிகளுக்கு அந்த நடுப்பகுதியே உகந்தது.

எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்று எஃப் 22-க்குப் போவது இரண்டாவது. துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி வளைந்து சிதறி, படம் முழுவதும் மெல்ல மழுங்கும். எஃப் 11-க்கு மேல் போகத் தேவை வருவதே அரிது. 16-ஐத் தாண்ட வேண்டாம்.

மேனுவல் முறையில் எடுப்பவர்கள் 18-இல் எஃப் 3.5 என்று வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு, 55-க்குத் திருப்பி எடுப்பார்கள். லென்ஸ் தானாகவே 5.6-க்கு மாறிவிடும், படம் இருண்டுவிடும். மேனுவலில் எடுக்கும்போது தொடக்கத்திலேயே 5.6-இல் வைத்துக்கொண்டால் வளையத்தை எங்கே திருப்பினாலும் வெளிச்சம் மாறாது.

பக்கவாட்டில் விசை உள்ள லென்ஸானால், பையிலிருந்து எடுக்கும்போது அது மேனுவல் ஃபோகஸுக்கு நகர்ந்திருக்கலாம். படங்கள் திடீரென்று எல்லாமே கலங்கினால் முதலில் அதைப் பாருங்கள். இரவில் விளக்குகளை எடுக்கும்போது படத்தில் தலைகீழாகச் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் வந்தால், முன்னால் மாட்டியிருக்கும் விலை குறைந்த யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடியும் எடுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

விரிந்த பார்வையில் எல்லாமே உண்மையைவிடத் தூரமாகத் தெரியும். 18-இல் கண்ணை வைத்திருக்கும்போது, எதிரே வரும் லாரியோ தேரோ மாடோ ‘இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது’ என்று தோன்றும். உண்மையில் அது பக்கத்தில் வந்திருக்கும். நகரும் எதையும் எடுக்கும்போது கேமராவுக்கு வெளியே இன்னொரு கண்ணையும் திறந்து வையுங்கள். நெரிசலில் உடன் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம்.

கண்ணைக் கேமராவில் வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள். சட்டத்தில் இன்னும் கொஞ்சம் அடங்கட்டும் என்று ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கும்போதுதான் மாடியின் விளிம்பும் கிணற்று மேடையும் காலுக்குப் பின்னால் வருகின்றன. கேமராவை இறக்கி, திரும்பிப் பார்த்து, நடந்து, பிறகு உயர்த்துங்கள்.

டிஎஸ்எல்ஆரின் கண்துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, கிரகண நாளிலும் கூடாது. லென்ஸ் குவித்த வெயில் பார்வையைப் பறித்துவிடும். மூடி இல்லாத லென்ஸை ஜன்னலோர வெயிலில் வைப்பதும் ஆபத்து. துணியோ காகிதமோ பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதன் குவிந்த ஒளிக்குச் சூடு உண்டு.

தெரிந்தவர்களோ தெரியாதவர்களோ, மனிதர்களைப் பக்கத்தில் நின்று எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். லென்ஸ் சிறியது என்பதால் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

லென்ஸின் பாதுகாப்பு

கண்ணாடியைத் துடைக்கும் வரிசை முக்கியம். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். பிறகு மென்மையான தூரிகை. அதற்கும் போகாத கைரேகைக்கு மட்டும் லென்ஸ் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடிமேல் ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். வேட்டி நுனி, துப்பட்டா, கைக்குட்டை எதுவும் வேண்டாம். அவற்றில் ஒட்டியிருக்கும் மண்துகள் கண்ணாடியில் கீறல் போடும். கடற்கரையிலிருந்து வந்ததும் லென்ஸின் வெளிப்பகுதியைச் சற்று ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு அங்கே தங்கக் கூடாது.

நம் ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வருடம் முழுவதும் காற்றில் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடிய கேமராப் பைக்குள் அது இன்னும் தங்கும். பூஞ்சை ஒருமுறை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் மிஞ்சும். இந்த லென்ஸ்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியோ லென்ஸின் விலையை நெருங்கிவிடும். எனவே வரவிடாமல் காப்பதே வழி:

1. காற்றுப் புகாத, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள்.
2. அடியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல நிறம் இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு பச்சையானால், ஈரம் நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும்.
3. சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து, 40-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.
4. அரிசி போட்டு வைக்காதீர்கள். தவிட்டுத் தூள்தான் லென்ஸில் சேரும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் கூடவே கூடாது; அவற்றின் ஆவி கேமராவையும் லென்ஸையும் கெடுக்கும்.
5. மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ புழுக்கமான வெளியில் எடுத்தால் கண்ணாடியில் பனி பூக்கும். வெளியே வருவதற்கு முன்பே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை அரைமணி நேரம் அப்படியே வையுங்கள். பனி பூத்துவிட்டால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவும் வேண்டாம், ஈரம் சென்சார்வரை போய்விடும்.

அடுத்த லென்ஸுக்கான நேரம்

ஒவ்வொரு படக் கோப்பிலும் அதை எந்த மி.மீ.யில் எடுத்தீர்கள் என்பது பதிவாகியிருக்கும். சில மாதப் படங்கள் சேர்ந்ததும் லைட்ரூமிலோ, இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேமிலோ அவற்றைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றில் 24-க்குக் கீழே எத்தனை, 40-க்கு மேலே எத்தனை, நடுவில் எத்தனை என்று எண்ணுங்கள்.

55-இல் எடுத்து, அதன்பிறகும் ஓரங்களை வெட்டிய படங்கள் மிகுதி என்றால் 55–200 போன்ற ஒரு லென்ஸ் உதவும். முன்னால் போயிருக்கலாமா என்று மட்டும் ஒவ்வொரு படத்தையும் பார்த்து நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் 30–35-இல் எடுத்தவை பல, அவற்றில் ஐஎஸ்ஓ 6400-ஐத் தொட்டவையும் பல என்றால், தேவை ஒளிதான். நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு 35 எஃப் 1.8, கேனானுக்கு 50 எஃப் 1.8 போன்ற ஒற்றை லென்ஸ்கள் விலையும் குறைவு, எடையும் குறைவு. சோனி, ஃபுஜிஃபிலிம் மிரர்லெஸ் வைத்திருந்து, ஜூமும் வேண்டும் ஒளியும் வேண்டும் என்பவர்களுக்குச் சிக்மாவின் 18–50 எஃப் 2.8 இருக்கிறது. சுமார் 290 கிராம்தான், 50-இலும் 2.8 திறப்பு மாறாது. விலை கூடுதல் என்பதால் கடைசியாக யோசியுங்கள்.

எதை வாங்கினாலும் கையிலிருக்கும் 18–55-ஐ விற்க வேண்டாம். விற்றால் பெரிய தொகை எதுவும் கிடைக்காது. பகலில் வெளியே போகும்போது அதுவே போதும். நிக்கானின் 35 எஃப் 1.8 சுமார் 200 கிராம்; இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாலும் மொத்தம் 405 கிராம்தான்.